டிஃபென்ஸ் நிற்கும் விதத்தை எங்கிருந்து படிக்கத் தொடங்குவது?

#1 · ஓஹையோக்காரன்

வணக்கம். என் மகன் இந்த வருடம் பள்ளியின் அமெரிக்கன் ஃபுட்பால் அணியில் லைன்பேக்கராகச் சேர்ந்திருக்கிறான். வெள்ளி இரவு அவன் ஆட்டத்தைப் பார்க்கிறேன், ஞாயிறு டிவியில் என்எஃப்எல். நாலு டவுன், பத்து யார்டு, பெனால்டி எல்லாம் பிடிபட்டுவிட்டது. ஆனால் கண் எப்போதும் பந்தின் பின்னாலேயே ஓடுகிறது. தடுக்கும் பதினொரு பேர் என்ன யோசித்து அப்படி நிற்கிறார்கள் என்பது சுத்தமாகப் புரியவில்லை. வர்ணனையாளர் ஃபோர்-த்ரீ, நிக்கல், கவர் டூ என்று அடுக்கிக்கொண்டே போகிறார். பையனிடம் கேட்டால் "நான் வில், எனக்கு பி கேப்" என்கிறான். அதற்கு மேல் அவனுக்கு விளக்கப் பொறுமை இல்லை.

ஸ்னாப்புக்கு (பந்து ஆட்டத்துக்கு வரும் கணம்) முன்னால் கிடைக்கும் அந்தச் சில நொடிகளில் எதைப் பார்க்க வேண்டும்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 · டெக்ஸஸ்வாத்தியார்

நல்ல கேள்வி சார். முன்வரிசையிலிருந்தே ஆரம்பிக்கலாம்.

அஃபென்ஸ், அதாவது பந்து வைத்திருக்கும் அணியின் பக்கம் நடுவில் சென்டர், அவருக்கு இரு புறமும் கார்டு, அதற்கு வெளியே டேக்கிள். ஒரு ஓரத்தில் டைட் எண்ட் வந்து ஒட்டிக்கொண்டால் ஆறு பேர். இவர்களுக்கு இடையில் இருக்கும் சந்துதான் கேப். சென்டருக்கும் கார்டுக்கும் நடுவே ஏ, கார்டுக்கும் டேக்கிளுக்கும் நடுவே பி, டேக்கிளைத் தாண்டி சி, டைட் எண்ட் நிற்கும் பக்கம் அவரையும் தாண்டி டி. எண்ணிப் பாருங்கள், மொத்தம் ஏழு சந்து. பந்தோடு ஓடுபவர் இந்த ஏழில் ஏதோ ஒன்றின் வழியாகத்தான் வந்தாக வேண்டும்.

ஃபோர்-த்ரீயில் கையைத் தரையில் ஊன்றி நிற்பவர்கள் நாலு, அவர்களுக்குப் பின்னால் லைன்பேக்கர் மூன்று. ஏழு சந்துக்கு ஏழு பேர், ஆளுக்கு ஒன்று. 1950களில் நியூயார்க் ஜயன்ட்ஸில் பயிற்சியாளர் டாம் லாண்ட்ரி இதைச் செதுக்கினார். நடு லைன்பேக்கர் சாம் ஹஃப்.

த்ரீ-ஃபோரில் ஊன்றி நிற்பவர்கள் மூன்றே பேர். பழைய முறையில் அந்த மூவருக்கும் ஆளுக்கு இரண்டு சந்து. எதிரில் இருப்பவரை நெஞ்சோடு பிடித்து அங்கேயே நிறுத்திவிட்டு, ஓடுபவர் எந்தப் பக்கம் வருகிறாரோ அந்தப் பக்கம் உதறிவிட்டு வந்து பிடிக்க வேண்டும். நடுவில் நிற்கும் நோஸ் டேக்கிள், பேட்ரியட்ஸின் வின்ஸ் வில்ஃபோர்க் போல 325 பவுண்டு ஆளாக இருப்பது அதனால்தான். இதில் என்ன லாபம் என்றால், நாலு லைன்பேக்கரில் யார் பந்தை எறியும் குவாட்டர்பேக் மீது பாயப்போகிறார் என்பது ஸ்னாப் வரை தெரியாது. 1981ல் ஜயன்ட்ஸுக்கு வந்த லாரன்ஸ் டெய்லர் இந்த முறையின் வெளி ஓரத்திலிருந்துதான் பாய்ந்தார். 1986ல் 20.5 சாக் (பாஸ் எறியும் முன்பே குவாட்டர்பேக்கைச் சாய்ப்பது), கூடவே லீகின் எம்விபி, அதாவது மிகச் சிறந்த வீரர் விருது. டிஃபென்ஸ் வீரர் ஒருவருக்கு அந்த விருது அதற்கப்புறம் கிடைக்கவே இல்லை.

#3 · பின்வரிசை

வாத்தியார் சொன்னதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் புதிதாகப் பார்ப்பவர் அங்கே தொடங்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

காரணம் இதுதான். இன்று என்எஃப்எல்லில் பாதிக்கு மேற்பட்ட ஆட்டங்களில் டிஃபென்ஸ் நிக்கலில் நிற்கிறது, அதாவது ஒரு லைன்பேக்கரை வெளியே அனுப்பிவிட்டு ஐந்தாவதாக ஒரு பின்வரிசை வீரரைக் கொண்டுவருகிறார்கள். அப்போது முன்னால் இருப்பது ஆறு பேர்தான். அது ஃபோர்-த்ரீயா த்ரீ-ஃபோரா என்று கேட்பதில் அர்த்தமே இல்லை.

பின்னாலிருந்து முன்னால் படியுங்கள். எல்லாருக்கும் பின்னால், பந்திலிருந்து பன்னிரண்டு பதினைந்து யார்டு தள்ளி, மைதானத்தின் நடுப் பகுதியில் எத்தனை சேஃப்டி? ஒருவரா, இருவரா? முதலில் இந்த ஒரு கேள்வி போதும்.

கிரிக்கெட்டில் லாங் ஆனையும் லாங் ஆஃபையும் எல்லைக்கோட்டில் நிறுத்தும் கேப்டன் 'சிக்ஸர் தர மாட்டேன், சிங்கிள் எடுத்தால் எடுத்துக்கொள்' என்கிறார். இரண்டு சேஃப்டி ஆழத்தில் நின்றால் அதே பேரம்தான். நீளமான பாஸ் கிடையாது, வேண்டுமானால் ஓடிப் பார்.

இதில் ஒரு கணக்கு இருக்கிறது, பொறுமையாகப் படியுங்கள். அஃபென்ஸில் பாஸை வாங்கும் ரிசீவர் மூன்று, ஒரு டைட் எண்ட், பந்தோடு ஓடும் ரன்னிங் பேக் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். தடுத்து வழிவிட லைன் ஐந்து பேர், டைட் எண்ட் ஒருவர், ஆக ஆறு. எதிரில் நிக்கல். மூன்று ரிசீவருக்கு மூன்று பேர் போய்விட்டார்கள், ஆழத்தில் இரண்டு சேஃப்டி. பதினொன்றில் ஐந்து போக மிச்சம் ஆறு. ஆறுக்கு ஆறு, ஒவ்வொருவரையும் தடுக்க ஆள் இருக்கிறது. ரன் ஓடலாம். இப்போது ஒரு சேஃப்டி இறங்கி முன்னால் வந்தால் ஏழு. ஆறு பேரால் ஏழு பேரைத் தடுக்க முடியாது, ஒருவர் தடையில்லாமல் வந்து ஓடுபவரைச் சாய்ப்பார். ஆனால் ஆழத்தில் ஒரே ஆள் என்பதால் ஓரத்து ரிசீவர்களைப் பிடிக்கும் கார்னர்கள் கிட்டத்தட்டத் தனியாக மாட்டிக்கொள்கிறார்கள்.

நல்ல குவாட்டர்பேக் ஸ்னாப்புக்கு முன் கத்துவதும் கை காட்டுவதும் பெரும்பாலும் இந்தக் கணக்குக்காகத்தான்.

#4 · ஓஹையோக்காரன்

இது ரொம்பத் தெளிவாக இருக்கிறது, நன்றி. அப்படியென்றால் கவர் ஒன்று, இரண்டு, மூன்று என்பது ஆழத்தில் நிற்பவர்களின் எண்ணிக்கையா?

#5 · பின்வரிசை

ஆமாம், ஸ்னாப் ஆனபின் ஆழத்தைப் பங்கு போட்டுக்கொள்பவர்களின் எண்ணிக்கை. கவர் டூவில் இரண்டு சேஃப்டியும் ஆளுக்குப் பாதி மைதானம். கவர் த்ரீயில் நடுவில் ஒரு சேஃப்டி, இரு ஓரத்து கார்னர்களும் பின்வாங்கி ஆளுக்கு மூன்றில் ஒரு பங்கு. கவர் ஃபோர் நாலு கால் பங்கு. கவர் ஒன்னில் நடுவில் ஒருவர் மட்டும் காவல், மற்றவர்கள் ஆளுக்கு ஆள் பிடித்துக்கொள்கிறார்கள். கவர் ஸீரோ என்றால் பின்னால் யாருமே இல்லை, மிச்சமிருப்பவர்கள் குவாட்டர்பேக்கை நோக்கிப் பாய்கிறார்கள்.

ஆக, ஸ்னாப்புக்கு முன் ஒரு சேஃப்டி தெரிந்தால் பெரும்பாலும் ஒன்று அல்லது மூன்று, இருவர் தெரிந்தால் இரண்டு அல்லது நாலு. ஏமாற்றுவதற்காக ஸ்னாப் சமயத்தில் இடம் மாறுவதும் உண்டு. அதை அப்புறம் பார்க்கலாம்.

#6 · சிகாகோகரடி

முன்வரிசையை இப்படி ஒதுக்கிவிட்டுப் பேசுவதை என்னால் ஒப்புக்கொள்ள முடியாது. 1985 சிகாகோ பேர்ஸ் அணியைப் பார்த்தவர் யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்.

அவர்களின் டிஃபென்ஸ் பயிற்சியாளர் பட்டி ரையனின் 46 டிஃபென்ஸ். அந்த எண் நிற்கும் ஆட்களின் கணக்கு இல்லை, டக் பிளாங்க் என்ற சேஃப்டியின் சட்டை எண். சென்டருக்கும் இரண்டு கார்டுகளுக்கும் நேர் எதிரே ஆளுக்கு ஒரு பெரிய லைன்மேன். வழக்கமாக ஒருவரை இருவர் சேர்ந்து தள்ளுவார்கள் அல்லவா, இங்கே அது முடியாது, ஏனென்றால் அவரவர் முன்னால் ஒருவர் நிற்கிறார். ஓடிஸ் வில்சன், வில்பர் மார்ஷல் இருவரும் டைட் எண்ட் நிற்கும் அதே பக்கத்தில் விளிம்பில். மறு ஓரத்தில் தனியாக ரிச்சர்ட் டென்ட். நடுவில் மைக் சிங்கிள்டரி, கூடவே இறங்கி வந்த ஒரு சேஃப்டி. பந்தைச் சுற்றி எட்டுப் பேர். யார் பாய்வார், யார் பின்வாங்குவார் என்று குவாட்டர்பேக் யோசிப்பதற்குள் அவர் தரையில் இருப்பார்.

அந்த ப்ளேஆஃபில் ஜயன்ட்ஸை 21-0, ராம்ஸை 24-0. பிறகு 20வது சூப்பர் பவுலில் பேட்ரியட்ஸை 46-10. அந்த ஆட்டம் முழுவதும் பேட்ரியட்ஸ் ஓடி எடுத்தது 7 யார்டு. எம்விபி டென்ட். முன்வரிசை ஒரு ஆட்டத்தை மொத்தமாக எப்படி ஆளும் என்பதற்கு அதைவிட நல்ல பாடம் கிடையாது.

#7 · பின்வரிசை

அந்த அணி மீது எனக்கும் பெரிய மரியாதை உண்டு. ஆனால் அதே வருடம் டிசம்பர் 2ஆம் தேதி மயாமியில் நடந்ததையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அதுவரை 12 ஆட்டம் 12 வெற்றி. டால்ஃபின்ஸ் மூன்று ரிசீவர்களை இறக்கி, நாட் மூரை உள் பக்கம் நிறுத்தினார்கள். அங்கே அவரைத் துரத்த வேண்டியவர் ஒரு லைன்பேக்கர் அல்லது சேஃப்டி. அவர்களின் குவாட்டர்பேக் டான் மரீனோ பந்தைச் சட்டென்று விடுபவர். பாதி ஆட்டத்தில் 31-10, கடைசியில் 38-24. அந்த சீசனில் பேர்ஸ் தோற்ற ஒரே ஆட்டம்.

முன்னால் எட்டுப் பேரை வைத்தால் பின்னால் மூன்று பேர்தான் மிச்சம். உள்ளே நிற்கும் மூன்றாவது ரிசீவரை யார் பிடிப்பது? அந்தக் கேள்விக்கு லீக் கண்ட பதில்தான் இன்று நாம் பார்க்கும் நிக்கல்.

#8 · சிகாகோகரடி

அந்த ஆட்டத்தைப் பற்றிச் சொன்னது சரி. ஆனால் முதலில் எதிராளி மூன்று ரிசீவர்களை இறக்க வேண்டும், மரீனோ மாதிரி ஒருவர் வேண்டும். அந்த வசதி இல்லாத அணிகளுக்கு 46க்குப் பதில் இருக்கவில்லை. தவிர இவர் மகன் ஆடுவது பள்ளி ஆட்டம். அங்கே ரன் நிறைய. முன்வரிசை தெரியாமல் என்ன செய்வார்?

#9 · டெக்ஸஸ்வாத்தியார்

கரடி சொல்வது பள்ளி ஆட்டத்துக்கு முழுக்கப் பொருந்தும். "வில், பி கேப்" என்பதை இப்போது விளக்கிவிடுகிறேன்.

ஃபோர்-த்ரீயில் மூன்று லைன்பேக்கர்களும் மைக், சேம், வில். மைக் நடு, டைட் எண்ட் பக்கம் சேம், மறு பக்கம் வில். பரவலாக ஆடும் ஒரு முறையில் பங்கீடு இப்படி வரும். ஊன்றி நிற்கும் நால்வரில் ஓரத்தில் இருவர் எண்ட், உள்ளே இருவர் டேக்கிள், நோஸ். டைட் எண்ட் பக்கத்து எண்ட் அங்குள்ள சி, சேம் டி. அதே பக்கத்து டேக்கிள் கார்டின் வெளித் தோளில் நின்று பி. அடுத்த ஏ மைக்குக்கு. மறு பக்கம் நோஸுக்கு ஏ, கடைசி எண்டுக்கு சி. நடுவில் ஒரே ஒரு சந்து காலியாக விடப்பட்டிருக்கிறது, அந்தப் பக்கத்து பி. அதுதான் உங்கள் மகனுடையது. அங்கே ஊன்றி நிற்பவர் யாரும் இல்லை. அவன் நாலைந்து யார்டு பின்னால் நின்று, பந்து அந்த வழியாக வந்தால் அடைக்க வேண்டும்.

அடுத்த ஆட்டத்தில் பந்தை விட்டுவிட்டு அவனுக்கு எதிரே உள்ள கார்டைப் பாருங்கள். கார்டு முன்னால் பாய்ந்தால் ரன். எழுந்து பின்னால் சாய்ந்தால் பாஸ், அப்போது அவன் பின்வாங்கித் தன் பகுதிக்குப் போக வேண்டும். கார்டு தன் இடத்தை விட்டு மறு பக்கம் ஓடினால் அங்கே புதிதாக ஒரு சந்து உருவாகப்போகிறது என்று பொருள், அவனும் கூடவே போயாக வேண்டும். நிறையப் பையன்கள் முதலில் தடுமாறுவது இந்த மூன்றாவதில்தான். கண் ரன்னிங் பேக்கின் பொய் ஓட்டத்தின் மேல் போய்விடும், கால் தப்பான பக்கம் ஒரு அடி எடுத்து வைத்துவிடும். அந்த ஒரு அடி போதும், ஆட்டம் கைவிட்டுப் போய்விடும்.

#10 · ஓஹையோக்காரன்

அவன் சொன்ன இரண்டு வார்த்தையில் இவ்வளவு இருக்கிறதா! மிக்க நன்றி வாத்தியார். வெள்ளிக்கிழமை கார்டை மட்டும் பார்க்கிறேன்.

இன்னொரு சிக்கல். பின்வரிசை அவர்கள் சேஃப்டியைப் பார்க்கச் சொல்கிறார். டிவியில் ஸ்னாப் ஆனதும் கேமரா பந்துக்கு நெருங்கிவிடுகிறது, சேஃப்டி திரையிலேயே இல்லை. பிறகு எப்படி?

#11 · மழைநகர்

ஸ்னாப்புக்கு முன் பெரும்பாலும் கொஞ்சமாவது தெரியும், அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். பாஸ் போன பிறகு மறு ஒளிபரப்பில் மேலிருந்து காட்டும்போது சரிபார்க்கலாம். முழுதாகப் பார்க்க ஆசை வந்தால் 22 பேரும் தெரியும் படச்சுருள் என்எஃப்எல்லின் கட்டணச் சேவையில் கிடைக்கிறது. ஒரே ஒரு கால் பகுதியை அதில் பார்த்தாலே டிவியில் எவ்வளவு விட்டுப்போகிறது என்பது தெரிந்துவிடும். பள்ளி மைதானத்தில் உங்களுக்கு அந்தக் கவலையே இல்லை, மேல் படியில் போய் உட்காருங்கள்.

ஒரு சேஃப்டி முறையைக் கற்க சியாட்டிலின் 2013 அணியை எடுத்துக்கொள்ளுங்கள். பயிற்சியாளர் பீட் கேரல் பெரும்பாலும் கவர் த்ரீ, கவர் ஒன்று என்று இரண்டை வைத்துக்கொண்டே ஆடினார். நடு ஆழத்தில் எர்ல் தாமஸ், முன்னால் இறங்கி நிற்பது கேம் சான்சலர், ஓரத்தில் ரிச்சர்ட் ஷெர்மன். கவர் த்ரீயின் பலவீனம் எல்லாருக்கும் தெரியும்: நடு சேஃப்டிக்கு இரு பக்கமும் இரண்டு ரிசீவர் நேராக ஓடினால் ஒருவர் இருவரைக் காக்க வேண்டும். தாமஸ் அவ்வளவு வேகமாக இருந்ததால் அந்த ஓட்டை தெரியவில்லை. எதிரே குவாட்டர்பேக் பேட்டன் மேனிங்கின் டென்வர், அந்த சீசனில் 606 புள்ளி எடுத்து சாதனை படைத்த அணி. 48வது சூப்பர் பவுலில் அவர்களுக்குக் கிடைத்தது 8. சியாட்டில் 43. மேனிங்குக்கு அவர்கள் என்ன ஆடப்போகிறார்கள் என்பது தெரியும். தெரிந்தும் முடியவில்லை. எனக்கு இந்த விளையாட்டில் மிகவும் பிடித்த விஷயம் அதுதான். ஒளிவு மறைவே இல்லாமல் நின்று ஜெயிப்பது.

#12 · வடகிழக்கு

மழைநகர், அடுத்த வருட சூப்பர் பவுலைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்கள். உங்களுக்கு வலிக்கும் என்று தெரியும், ஆனால் இந்த இழைக்கு அதைவிடப் பொருத்தமான ஆட்டம் இல்லை.

2015 பிப்ரவரி 1, அரிசோனா. பேட்ரியட்ஸ் 28-24 முன்னிலை. சியாட்டிலின் ரன்னிங் பேக் மார்ஷான் லிஞ்ச் ஓடி ஒரு யார்டு கோட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். பேட்ரியட்ஸ் பயிற்சியாளர் பெலிசிக் டைம் அவுட் கேட்கவில்லை. இறக்கியது கோல் லைன் ஆட்கள், ஆனால் மூன்று கார்னர்களோடு. சியாட்டில் மூன்று ரிசீவர்களோடு நின்றது. எதிரே பெரிய உடல்கள் இருப்பதைப் பார்த்து, இதில் ஒரு ரன்னை வீணாக்க வேண்டாம், பாஸ் போட்டுப் பார்க்கலாம் என்று முடிவெடுத்ததாக கேரல் பிறகு விளக்கினார். அதாவது யார் மைதானத்தில் நிற்கிறார்கள் என்பதே எதிராளியின் முடிவை மாற்றிவிட்டது.

இப்போது அந்த வலது ஓரத்தை மட்டும் பாருங்கள். முன்னால் ஜெர்மெய்ன் கியர்ஸ், பின்னால் ரிக்கார்டோ லாக்கெட். கியர்ஸ் முன்னேறிக் குறுக்கே நின்று லாக்கெட்டைத் துரத்துபவருக்கு வழிமறிக்க வேண்டும், லாக்கெட் உள்ளே வெட்டிப் பந்தை வாங்க வேண்டும். கியர்ஸுக்கு எதிரே பிராண்டன் பிரவுனர், முன்பு சியாட்டிலிலேயே ஆடியவர். ஸ்னாப் ஆனதும் கியர்ஸை நெஞ்சில் பிடித்து நின்ற இடத்திலேயே நிறுத்திவிட்டார். வழிமறிப்பு நடக்கவில்லை. பின்னால் நின்ற மால்கம் பட்லருக்குப் பாதை திறந்துகிடந்தது. அவர் ரிசீவரைத் துரத்தவில்லை, பந்து வரப்போகும் இடத்துக்கே ஓடினார். பயிற்சியில் இதே ஆட்டத்துக்கு அவர் தாமதமாக வந்து புள்ளியை விட்டிருந்தார், அது நினைவில் இருந்தது. இன்டர்செப்ஷன், பந்து பேட்ரியட்ஸ் கையில்.

எல்லாரும் பட்லரைச் சொல்வார்கள். நான் பிரவுனரைச் சொல்வேன்.

#13 · மழைநகர்

வலி இருக்கத்தான் செய்கிறது. பிரவுனர் பற்றிச் சொன்னது முழுக்க நியாயம். லிஞ்சிடம் கொடுத்திருக்க வேண்டும் என்ற என் கருத்து மட்டும் மாறவில்லை.

#14 · டெக்ஸஸ்வாத்தியார்

பின்வரிசை 'அப்புறம்' என்று விட்ட ஏமாற்று விஷயத்துக்கு வருகிறேன். விதியில் ஒரு சாய்வு இருப்பதைக் கவனியுங்கள். அஃபென்ஸில் ஏழு பேர் கோட்டில் நிற்க வேண்டும், ஸ்னாப்புக்கு முன் ஒரு நொடி அசையாமல் இருக்க வேண்டும், அந்த நேரத்தில் ஒருவர் மட்டுமே நகரலாம். டிஃபென்ஸுக்கு இது எதுவும் கிடையாது. தன் பக்கத்தில் எங்கும் நிற்கலாம், எப்போதும் நகரலாம். ஆனால் 1978 முதல் என்எஃப்எல்லில் ஐந்து யார்டுக்கு அப்பால் ரிசீவரைப் பிடித்து நிறுத்த முடியாது. கை கட்டப்பட்டதும் டிஃபென்ஸ் தன் மூளையை நிற்கும் விதத்தில் போட்டது.

பயிற்சியாளர் டிக் லெபோவின் ஸோன் பிளிட்ஸ் அப்படி வளர்ந்ததுதான். பிளிட்ஸ் என்றால் வழக்கமாகப் பாயும் நாலு பேரைத் தாண்டி கூடுதல் ஆளை அனுப்புவது. பாய்வது போல நிற்பவர் பின்வாங்குவார், எதிர்பாராத வேறொருவர் பாய்வார். 43வது சூப்பர் பவுல், முதல் பாதி முடிய சில நொடிகள், அரிசோனா ஒரு யார்டு கோட்டில். பிட்ஸ்பர்க் லைன்பேக்கர் ஜேம்ஸ் ஹாரிசன் விளிம்பில் பாயத் தயாராக நின்றார். அரிசோனா குவாட்டர்பேக் கர்ட் வார்னர் பந்தை விட்டபோது ஹாரிசன் பின்வாங்கி, ரிசீவருக்கு முன்னால் இருந்தார். அதை எடுத்துக்கொண்டு 100 யார்டு ஓடி டச் டவுன். கடைசியில் பிட்ஸ்பர்க் 27-23.

#15 · சிகாகோகரடி

அப்போ பிளிட்ஸ் இல்லாமல் அழுத்தம் இல்லை என்றுதானே ஆகிறது?

#16 · பின்வரிசை

இல்லை. 59வது சூப்பர் பவுலை எடுத்துக்கொள்ளுங்கள். ஈகிள்ஸின் டிஃபென்ஸ் பயிற்சியாளர் விக் ஃபாங்கியோ அன்று ஒரு பிளிட்ஸ் கூட அனுப்பவில்லை. நாலு பேரை மட்டும் பாய விட்டு, ஏழு பேரைப் பின்னால் வைத்துக்கொண்டார். எதிரணி கன்சாஸ் சிட்டியின் குவாட்டர்பேக் மஹோம்ஸ் 6 முறை சாக் ஆனார், பாதி ஆட்டத்தில் 24-0, முடிவு 40-22. ஆனால் உங்களுக்கு இதை ஒப்புக்கொள்கிறேன்: அந்த நாலு பேரும் தனியாகவே ஜெயிக்கும் ஆட்களாக இருந்தார்கள். ஜோஷ் ஸ்வெட் மட்டும் 2.5 சாக். முன்னால் அப்படி நாலு பேர் இருந்தால்தான் பின்னால் ஏழு பேர் என்ற வசதி கிடைக்கும்.

#17 · சிகாகோகரடி

அதைத்தான் நான் முதலிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

#18 · ஓஹையோக்காரன்

இருவருக்கும் நன்றி. கடைசியாக ஒன்று. ஆளுக்கு ஆளா, பகுதிக்கு ஆளா என்பதை ஸ்னாப்புக்கு முன்பே கண்டுபிடிக்க ஏதாவது வழி உண்டா?

#19 · வடகிழக்கு

ஒரு ரிசீவர் ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கத்துக்கு நடக்கும்போதோ ஓடும்போதோ பாருங்கள். டிஃபென்ஸில் ஒருவர் அவர் பின்னாலேயே மைதானத்தைக் கடந்து போனால் பெரும்பாலும் ஆளுக்கு ஆள். யாரும் பின்தொடராமல், எல்லாரும் ஒரு அடி இரண்டடி மட்டும் நகர்ந்து நின்றால் பெரும்பாலும் ஸோன், அதாவது பகுதிக்கு ஆள். அப்புறம் கார்னரின் கண்ணைப் பாருங்கள். ரிசீவரின் இடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தால் ஆளுக்கு ஆள், உள்பக்கம் திரும்பி குவாட்டர்பேக்கைப் பார்த்துக்கொண்டிருந்தால் ஸோன். அஃபென்ஸ் அணிகள் அந்த ரிசீவரை அனுப்புவதே பல நேரம் இதைத் தெரிந்துகொள்ளத்தான்.